டேங்க்கைக் கழற்றும் முன்...

கேள்வி: கார்புரேட்டர் வைத்த பழைய பைக். உள்ளே துரு. வீட்டிலேயே பெட்ரோல் டேங்க்கைக் கழற்றலாமா?
*- செங்கோட்டை வாசகர்*

பதில்: கழற்றலாம். ஆனால் கேரள எல்லையிலுள்ள ஆரியங்காவைத் தாண்டினால் பெட்ரோல் விலை கூடுதல் என்று வழிய வழிய நிரப்பிக்கொள்ளும் ஊர் நம்முடையது. நிரப்பிய கையோடு ஸ்பேனரை எடுக்காதீர்கள். பத்து லிட்டர் என்றால் ஏழரைக் கிலோ, அதுவும் தளும்பும். ஓடித் தீர்ந்து முள் சாயட்டும்.

என்ஜின் நன்றாக ஆறியபின், திறந்த வெளியில் வைத்துச் செய்யுங்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு ஊர்ந்து அடுப்படிக்கும் பூஜை விளக்குக்கும் போய்விடும். முதலில் பேட்டரியின் நெகட்டிவ் வயர். பிறகு சீட். டேங்க்குக்கு அடியிலுள்ள பெட்ரோல் வால்வை மூடி, கீழே துணி வைத்து, அதிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் டியூபை உருவுங்கள். பின்பக்க போல்ட்டை எடுத்ததும் ஆவேசமாகத் தூக்க வேண்டாம். அடியில் மீட்டர் வயர் இருக்கும். அதையும் விடுவித்து, டேங்க்கைப் பின்னால் இழுத்தால் முன்புற ரப்பர்களிலிருந்து கழன்று வரும். மிச்ச பெட்ரோலைத் தண்ணீர் பாட்டிலில் பிடிக்காதீர்கள். தரையில் வைத்த உலோகக் கேனில் பிடியுங்கள்.

திரும்பப் பூட்டும்போது புது டியூப் போடுங்கள். மலிவாக ஒன்று வாங்கி நான் பட்டிருக்கிறேன். மூன்றே மாதத்தில் விரிசல் விட்டு, இரவெல்லாம் வீடு முழுக்கப் பெட்ரோல் வாடை.

புதிய புகை விதிப்படி வந்த பிஎஸ்6 வண்டியென்றால் பெரும்பாலும் பம்ப் டேங்க்குக்குள் இருக்கும், டியூபில் அழுத்தம் நிற்கும். அதை மெக்கானிக்கிடம் விடுங்கள்.

கேள்வி: காலி டேங்க்தானே, ஓட்டைக்கு வெல்டிங் வைக்கலாமா?
*- புளியரை வாசகர்*

பதில்: கூடாது. வெடிப்பது ஆவி, காலி டேங்க்கில் நிறைந்திருப்பது அதுதான்.

கேள்வி: கேரளத்துப் புனலூரில் 2,400 ரூபாய்க்குப் பழைய டேங்க் வாங்கினேன். பில் உண்டு. ஒரே வாரத்தில் கசிவு. சுரண்டினால், பெயிண்டுக்கு அடியில் பசை பூசி அடைத்த ஓட்டை. "விற்றதைத் திரும்ப எடுப்பதில்லை, வழக்குப் போடக் கொல்லத்துக்கு வா" என்கிறார் கடைக்காரர்.
*- தென்காசி வாசகர்*

பதில்: பசை பூசிய கைக்குப் பெயிண்ட் அடிக்கவும் தெரிந்திருக்கிறது!

"விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்ற பலகையைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கல்லாவுக்கு மேலே சாமி படத்துக்குப் பக்கத்திலேயே மாட்டிவைக்கிறார்கள், அதுவும் ஒரு தெய்வ வாக்கு என்பதுபோல. குறையுள்ள பொருளை பில்லில் குறித்த காலத்துக்குள், காலம் குறிக்கவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். கொல்லத்துக்கும் நீங்கள் போக வேண்டாம். குடியிருக்கும் இடத்துக்குரிய மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. அதற்குமுன் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்கு ஒரு போன் செய்யுங்கள். இனிச் சுரண்டாதீர்கள். அந்தப் பசையைப் படமெடுத்து, டேங்க்கை அப்படியே வையுங்கள். அதுதான் உங்கள் சாட்சி.

கேள்வி: பில் போட்டால் வரி சேரும் என்பதால் பில் வேண்டாம் என்று சொல்லி டேங்க் மூடி வாங்கினேன். சாவி திரும்பவில்லை. யாரிடம் புகார் செய்வது?
*- கடையநல்லூர் வாசகர்*

பதில்: கேட்டும் தராவிட்டால் கடைக்காரர் மேல் தப்பு. வேண்டாம் என்றவர் நீங்கள். அவரிடமே போய்க் கெஞ்சிப் பாருங்கள்.