சிறிய மோட்டார் படகு இழுபடாமல் நிற்க எப்படி நங்கூரமிடுவது? தினமும் ஏறி இறங்கவும் வசதியாக இருக்க வேண்டும்

மண்டபம் வடகடல் (பாக் நீரிணை) பக்கம் 20 அடி ஃபைபர் படகு, 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு எஞ்சின் வைத்திருக்கிறீர்கள். 8 கிலோ நங்கூரம் போட்டும் காற்று கிளம்பினால் படகு நகர்ந்துவிடுகிறது, 15 கிலோவாக மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே, தினமும் மார்பளவுத் தண்ணீரில் நடக்காமல் படகில் ஏற வழி உண்டா என்றும்.

15 கிலோ வேண்டாம். அந்தப் பணத்தில் சங்கிலியும் கூடுதல் கயிறும் வாங்குங்கள்.

நங்கூரம் தன் எடையால்தான் படகைப் பிடித்து வைக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். எடை உதவுவது தரையைத் தொட்டுக் குத்தி இறங்கும்வரைதான். அதன்பின் பிடித்து வைப்பது மண்ணுக்குள் புதைந்த அலகு (நங்கூரத்தின் குத்தும் முனை). அது புதைந்தே இருக்க வேண்டுமானால் கயிறு அதைத் தரையோடு தரையாக இழுக்க வேண்டும். மேல்நோக்கி இழுத்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நங்கூரத்தைத் தூக்கும்போது நாம் செய்வதும் அதைத்தான்: படகை அதன் நேர்மேலே கொண்டுபோய்க் கயிற்றைச் செங்குத்தாக இழுக்கிறோம். கயிறு குட்டையாக இருந்தால், ஒவ்வொரு அலையும் படகின் முன்பக்கமான அணியத்தைத் தூக்கும்போது அதே வேலையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துவிடும்.

எவ்வளவு நீளம் விடுவது? ஆழத்தை மட்டும் கணக்கில் எடுப்பதுதான் வழக்கமான தவறு. ஆழம் 10 அடி என்றால், தண்ணீருக்கு மேல் அணியத்தின் உயரம் 3 அடியைச் சேருங்கள். நீர் ஏறும்போது கூடும் 2 அடியையும் சேருங்கள் (நம் பக்கம் ஏற்றவற்றம் ஒரு மீட்டருக்குள்தான், ஆனாலும் கணக்கில் வர வேண்டும்). மொத்தம் 15 அடி. இதில் 5 மடங்கு, அதாவது 75 அடி, சாதாரண நாளுக்கு. இரவு முழுக்க விட்டுப் போவதென்றால் 7 மடங்கு, 105 அடி. 2 மடங்கு மட்டும் விட்டால் இறுகிய கயிறு தரையோடு 30 டிகிரி சாய்வில் இழுக்கும். 7 மடங்கில் அது 8 டிகிரிதான். உங்கள் 8 கிலோ நங்கூரமே இந்தச் சாய்வில் வேறு நங்கூரம் மாதிரி பிடிக்கும். கயிற்றில் பாகத்துக்கு ஒரு வண்ண நூல் கட்டி வையுங்கள். ஒரு பாகம் 6 அடி என்பதால், இருட்டிலும் கையால் தடவியே எவ்வளவு போயிருக்கிறது என்று எண்ணிவிடலாம்.

அடுத்தது சங்கிலி. நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் நடுவில் படகின் நீளத்துக்கு, அதாவது 6 மீட்டர், 8 மில்லிமீட்டர் துத்தநாகம் பூசிய சங்கிலி போடுங்கள். மீட்டருக்கு ஏறக்குறைய 1.4 கிலோ வரும். ஆறு மீட்டருக்கு உங்கள் நங்கூரத்தின் எடையே இன்னொரு முறை சேர்ந்துவிடுகிறது. அதுவும் தரையில் கிடந்து இழுப்பைத் தாழ்த்துகிற இடத்தில். பாரில் (கடலடிப் பாறையில்) உரசினாலும் அறுந்துபோகாது. சங்கிலியை மாட்டும் இரும்புக் கொளுவியான ஷேக்கிளின் திருகாணியைக் கம்பியால் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் தானாகக் கழன்றுவிடும். துத்தநாகச் சங்கிலியில் ஸ்டெயின்லெஸ் ஷேக்கிள் போட வேண்டாம். கடல்நீரில் இரண்டும் தொட்டுக்கொண்டிருந்தால் துத்தநாகப் பூச்சு சீக்கிரம் அரித்துப்போகும்.

கயிறு 12 மில்லிமீட்டர் நைலான். கடையில் மலிவாகக் கிடைக்கும் பாலிப்ரோப்பிலீன் கயிறு மிதக்கும். மிதக்கும் கயிறு அடுத்த படகின் புரொப்பெல்லரில் சுற்றிக்கொள்ளும், வெயிலிலும் சீக்கிரம் பொடிந்துபோகும். நைலான் மூழ்கும். அலை இழுக்கும்போது நீண்டு கொடுத்து, அந்த உதறல் நங்கூரத்துக்குப் போகாமல் தானே வாங்கிக்கொள்ளும். அணியத்தில் கயிறு உரசும் இடத்தில் பழைய ஹோஸ் துண்டு ஒன்றைக் கோத்து விடுங்கள்.

நங்கூரம் எந்த வகை என்று நீங்கள் சொல்லவில்லை. நம் பக்கம் அதிகம் புழங்கும் நான்கு கைக் கொக்கி நங்கூரமாக இருந்தால், அது பாரில் மாட்டிக்கொள்ளும், மணலில் கோடு போட்டுக்கொண்டே வரும். மணலுக்கும் சேற்றுக்கும் இரண்டு தட்டை அலகு உள்ள டான்ஃபோர்த் வகை பல மடங்கு மேல். ஆனால் எந்த நங்கூரமும் தாழையில் (கடற்புல்லில்) சரியாக நிற்காது. பாக் நீரிணையில் இதுதான் பெரிய தொல்லை: இலைமேல் வழுக்கிப் போகும், அல்லது வேரில் சிக்கி, பிடித்துவிட்டதாக நம்மை நம்ப வைத்துவிட்டுப் பிறகு ஒரு கொத்தோடு பிடுங்கிக்கொண்டு வரும். மேலிருந்து பார்த்தால் கருமையாகத் தெரிவது தாழை, வெளிறித் தெரிவது மணல். வெளிறிய இடம் பார்த்துப் போடுங்கள். படகுக்கும் நல்லது, தாழைக்கும் நல்லது. ஆவுளியாவுக்கு, அதாவது கடற்பசுவுக்கு, அந்தத் தாழைதான் சாப்பாடு. அதைக் காக்கத்தான் 2022-ல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் கடற்பசுக் காப்பகம் அறிவித்தார்கள். பிடுங்கிய தாழை மறுபடி வளர்ந்து மூட நெடுநாள் ஆகிறது. எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

போடும்போது வீச வேண்டாம். வீசினால் சங்கிலி அலகின்மேல் குவிந்து சிக்கிக்கொள்ளும். அணியத்தைக் காற்றுக்கு எதிராக (நீவாடு, அதாவது நீரோட்டம், பலமாக இருந்தால் அதற்கு எதிராக) நிறுத்தி, படகு பின்னால் நகரத் தொடங்கியதும் கையால் மெல்ல இறக்குங்கள். கயிறு முழுதும் போனபின் கட்டி, எஞ்சினை ரிவர்ஸில் குறைந்த வேகத்தில் அரை நிமிடம் ஓட விடுங்கள். அப்போது கயிற்றில் கை வைத்துப் பாருங்கள். கடகடவென்று அதிர்ந்தால் இழுபடுகிறது. இறுகி நின்றால் பிடித்துவிட்டது. கரையில் ஒரு பனையையும் அதற்குப் பின்னால் ஒரு கோபுரத்தையோ செல்போன் டவரையோ ஒரே நேரில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரம் கழித்தும் அதே நேரில் இருந்தால் சரி. கயிற்றின் மறுமுனையை முன்கூட்டியே படகில் கட்டிவிட வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன்: நங்கூரக் கயிற்றை ஒருபோதும் படகின் பின்பக்கம் மட்டும் கட்டி நிறுத்தாதீர்கள். பின்பலகை தாழ்வு, எஞ்சின் எடையும் அங்கேதான், ஆட்களும் அங்கேதான் உட்காருகிறார்கள். பின்பக்கம் அலையைப் பார்த்து நின்றால் ஏறிப் போக முடியாது, தண்ணீர் உள்ளே விழும். இரண்டு மூன்று அலைக்குள் படகு நிரம்பிவிடும். தூண்டில் போட வசதி என்று இப்படிக் கட்டிச் சின்னப் படகுகள் மூழ்குவது எல்லா நாட்டிலும் நடக்கிறது.

பாரில் மாட்டிய நங்கூரத்தை எடுக்க ஒரு வழி உண்டு. சங்கிலியை நங்கூரத்தின் அடிப்பக்க வளையத்தில் மாட்டி, தண்டு வழியே மேலே கொண்டுவந்து, மேல் வளையத்தில் மெல்லிய நூலால் கட்டி வையுங்கள். சாதாரண இழுப்புக்கு நூல் தாங்கும். சிக்கிக்கொண்டால் நேர்மேலே நின்று பலமாக இழுக்க, நூல் அறுந்து நங்கூரம் அடியிலிருந்து தலைகீழாகக் கிளம்பி வரும். இது பகலில் ஆள் இருக்கும்போது மட்டும். இரவில் விட்டுப் போகும் படகுக்கு வேண்டாம். மன்னார் வளைகுடாத் தீவுகளை ஒட்டி நிறுத்த நினைத்தால், அந்த 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்கா. அங்கே நங்கூரம் போடும் பேச்சே வேண்டாம்.

இனி ஏறி இறங்கும் வசதி. தினமும் ஒரே இடத்தில் நிறுத்துகிறவருக்கு நிலையான ஒரு பாரம்தான் தோது. உங்கள் இடத்தில் அக்கம்பக்கத்துப் படகுக்காரர்களும் கிராமத்துப் பெரியவர்களும் சம்மதித்தால், படகு மிதக்கும் ஆழத்தில் கனமான பாரம் ஒன்றை இறக்கி, அதிலிருந்து சங்கிலி, மேலே மிதவை. பெரும்பாலும் சிமெண்ட் கட்டைதான் போடுவார்கள். 100 கிலோ கான்கிரீட் கடலுக்குள் போனால் சுமார் 57 கிலோதான் நிற்கும். 100 கிலோ இரும்பு சுமார் 86 கிலோ நிற்கும். பழைய லாரி எஞ்சின் பிளாக் கிடைத்தால் எண்ணெய் போகச் சுத்தமாகக் கழுவி அதைப் போடுங்கள்.

அப்புறம் மிதவையின் கீழே ஒரு வளையம், கரையில் ஒரு சவுக்குக் கம்பம். இரண்டையும் சுற்றிப் போகும்படி முடிவில்லாத ஒரே கயிறு. கிணற்றுக் கப்பிக் கயிறு மாதிரி. அணியத்தை அந்தக் கயிற்றில் ஓரிடத்தில் கட்டிவிட்டால், கரையில் நின்றபடி ஒரு பக்கம் இழுத்தால் படகு ஆழத்துக்குப் போகும், மறுபக்கம் இழுத்தால் கரைக்கு வரும். முழங்காலளவுத் தண்ணீரில் ஏறிவிடலாம். கடல்பக்கம் கப்பி வேண்டாம், கொட்டலசு (ஒட்டிக்கொள்ளும் சிப்பி போன்ற கடலுயிர்) பிடித்து இறுகிவிடும். வழவழப்பான பெரிய வளையமே போதும். கயிறு மூழ்கிக் கிடக்கும்படி இடையிடையே ஈயம் கட்டுங்கள், இல்லாவிட்டால் பிறர் எஞ்சினில் சுற்றும். கரையிலிருந்து 40, 50 மீட்டருக்குள் போதிய ஆழம் கிடைத்தால்தான் இது சரிப்படும். அதற்கும் தட்டையான கரை என்றால் நம் ஆட்கள் செய்வதுபோல் தெர்மாகோல் தெப்பத்தில் போய் ஏறுவதுதான் வழி.

படகை விட்டுப் போகும்போது எஞ்சினைத் தூக்கி வையுங்கள். மழைக்காலத்தில் தினமும் தண்ணீர் இறைக்க ஆள் வையுங்கள். மூடாத 20 அடிப் படகில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறக்குறைய 800 லிட்டர் சேரும். ஐப்பசி, கார்த்திகையில் அது ஓரிரவு மழை. நங்கூரம் அசையாமல் பிடித்திருக்க, படகு நின்ற இடத்திலேயே மூழ்கும்.

வாடை தொடங்கிவிட்டால் வடகடலில் நிறுத்தும் யோசனையையே விட்டுவிட்டு, மற்றவர்களைப் போலத் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் மாற்றிவிடுங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகின்மேல் அதன் தள்ளு நான்கு மடங்காகும், உங்கள் பின்னால் கரை இருக்கும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டால் நங்கூரத்தை நம்ப வேண்டாம். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரையேறியபோது பாக் நீரிணைக் கரையில் நொறுங்கிய படகுகளில் பலவும் கட்டித்தான் இருந்தன. எஞ்சினைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள், படகை ஆள் சேர்த்து மேட்டுக்கு இழுத்துப் போட்டு, தண்ணீர் வடிய அடித்தக்கையை எடுத்துவிட்டு, இரண்டு பக்கமும் மரத்தில் கட்டுங்கள்.