நின்றபடியே எழுதிய பாதிரியார்

கேள்வி: பாதிரியாராக இருந்துகொண்டே நிறைய எழுதிக் குவித்த விக்டோரியா கால எழுத்தாளர் யாரையாவது வாசித்திருக்கிறீர்களா? எதிலிருந்து தொடங்கலாம்?

சபைன் பேரிங்-கூல்ட் (1834–1924). இங்கிலாந்தின் டெவன் பகுதிக்காரர். லூ டிரென்சர்டு என்ற ஊருக்கு அவரே பண்ணையார், 1881 முதல் அவரே பாதிரியார். நாவல், பயண நூல், பிரசங்கம், 1872 முதல் வரிசையாக வந்த புனிதர் வரலாற்றுத் தொகுதிகள் என்று சிறிதும் பெரிதுமாக அவர் எழுதி அச்சேறியவை ஆயிரத்தைத் தாண்டும். உயரமான மேசை முன் நின்றபடியேதான் எழுதுவாராம்.

எனக்கு அவர் அறிமுகமானது 1865இல் வந்த ஓநாய் மனிதர்கள் (ஓநாயாக மாறுவதாக நம்பப்பட்டவர்கள்) பற்றிய நூல் வழியாக. இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. தொடக்கமே ஒரு சம்பவம்தான். பிரான்சில் பழங்காலக் கல் ஒன்றைப் பார்க்கப் போனவருக்கு இருட்டிவிடுகிறது. சதுப்பு நிலத்தைக் கடந்து திரும்ப வேண்டும். துணைக்கு வர ஊரில் ஒருவருக்கும் தைரியமில்லை, அங்கே ஓநாய் மனிதன் திரிகிறானாம். கையில் ஒரு தடியோடு தனியாகவே நடக்கிறார். ஊராரின் அந்தப் பயத்தை அவர் கேலி செய்வதில்லை, அது எங்கிருந்து வந்தது என்று தேடிப் போகிறார். அந்தக் குணத்துக்காகவே அவர் எனக்குப் பிடித்துப்போனார்.

அப்போது அவர் யார்க்‌ஷரில் ஹார்பரி என்ற ஊரில் உதவிப் பாதிரியார். அங்கே இருந்தபோதுதான், பிள்ளைகள் ஊர்வலமாக நடந்து போகும்போது பாடுவதற்காக ஒரு பாட்டை அவசரமாக எழுதிக் கொடுத்தார். ‘ஆன்வர்டு கிறிஸ்டியன் சோல்ஜர்ஸ்’ என்று உலகமெல்லாம் பாடுகிறார்களே, அதுதான். அதே ஊரில் ஆலையில் வேலை பார்த்த கிரேஸ் டெய்லரை 1868இல் மணந்தார். அவருக்கு வயது 34, கிரேஸுக்கு 18. திருமணத்துக்கு முன் கிரேஸை யார்க் நகருக்கு அனுப்பி, மேல்தட்டுப் பேச்சும் பழக்கமும் கற்க வைத்தார்கள். எனக்கு அது உறுத்தத்தான் செய்கிறது. ஆனால் 48 வருடம் சேர்ந்து வாழ்ந்தார்கள், 15 பிள்ளைகள். 1916இல் கிரேஸ் இறந்தபோது கல்லறையில் ‘என் உயிரில் பாதி’ என்று லத்தீனில் பொறிக்கச் சொன்னார்.

சரி, இவ்வளவு எழுதியவர் தன் வாழ்நாளில் எதைப் பெரிதாக நினைத்தார் தெரியுமா? தான் எழுதாத பாட்டுகளை. 1888இல் ஒரு விருந்தில் பழைய நாட்டுப்புறப் பாட்டுகளைப் பற்றிப் பேச்சு வந்தது. வயதானவர்களோடு அவையும் போய்விடும், யாராவது சேகரிக்க வேண்டும் என்றார்கள். அவர் அப்போதே இறங்கிவிட்டார். இசைக்குறிப்பு எழுதத் தெரிந்த ஷெப்பர்டு, பஸ்ஸல் என்ற இரண்டு நண்பர்களும் கூடச் சேர்ந்தார்கள்.

பாடியவர்கள் எல்லாம் உழைப்பாளிகள். ராபர்ட் ஹார்டு சாலையோரம் கல் உடைப்பவர். ஜேம்ஸ் பார்சன்ஸ் வேலி கட்டும் கிழவர். அவருடைய அப்பாவை ஊரில் ‘பாட்டு எந்திரம்’ என்றே கூப்பிடுவார்களாம். டெவனிலேயே டார்ட்மூர் பக்கம் சாலி சேட்டர்லி என்றொரு பாட்டிக்கு உட்கார்ந்து பாட வராது. வீட்டு வேலை செய்துகொண்டே பாடினால்தான் பாட்டு வரும். அவர் அங்கும் இங்கும் நடக்க, இவர்கள் நோட்டும் கையுமாகப் பின்னாலேயே ஓடி எழுதியிருக்கிறார்கள்.

ஒரு குறையும் சொல்ல வேண்டும். அச்சுக்குப் போனபோது, கொச்சையாகத் தோன்றிய வரிகளைப் பாதிரியார் மாற்றி எழுதிவிட்டார். எனக்கு அதில் வருத்தமே. ஆனால் கேட்டபடியே எழுதிய கையெழுத்துப் பிரதிகளை அவர் அழிக்கவில்லை. அதனால்தான் ஹார்டும் பார்சன்ஸும் உண்மையில் என்ன பாடினார்கள் என்று இன்று நாம் பார்க்க முடிகிறது.

தொடங்க வேண்டுமென்றால் ஓநாய் நூலை எடுங்கள். அப்புறம் எஸ்ஸெக்ஸ் உப்புச் சதுப்பில் நடக்கும் ‘மெஹாலா’ (1880) நாவல். அங்கே பத்து வருடம் பாதிரியாராக இருந்தவர், அந்தச் சேறும் காற்றும் பக்கத்துக்குப் பக்கம் இருக்கும்.