ஏழாம் வகுப்புக்கு ஒரு காலரா துப்பறியும் கதை

சாகசக் கதை வழியாகச் சுகாதாரம் நடத்தினால் கணக்கு, சமூக அறிவியல் ஆசிரியர்கள் ‘எங்கள் பாடம் எங்கே’ என்கிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். 1854 லண்டன் காலராவை எடுத்துப் பாருங்கள் டீச்சர். பிராட் தெரு அடிபம்பைச் சுற்றி வீடு வீடாகச் சாவு. டாக்டர் ஜான் ஸ்னோ அவற்றை வரைபடத்தில் குறித்தார். எண்ணிக்கையும் தூரமும் கணக்குக்கு, வரைபடம் சமூக அறிவியலுக்கு.

பிள்ளைகளை நிமிர வைப்பது விதிவிலக்குகள்தான். பக்கத்து மதுபான ஆலைத் தொழிலாளர்கள் யாரும் சாகவில்லை. தொலைவில் ஹாம்ப்ஸ்டெட்டில் ஒரு அம்மா இறந்தார். காரணத்தை உடனே சொல்லிவிடாதீர்கள், ஒரு நாள் மண்டையை உடைத்துக்கொள்ளட்டும். நோயைப் பரப்பியது பம்புத் தண்ணீர். அந்த அம்மா அதையே வரவழைத்துக் குடித்தவர். ஆலைக்காரர்கள் குடித்தது பீர். வகுப்பில் சொல்லத் தயக்கமென்றால், ஆலைக்குள்ளேயே தனிக் கிணறு இருந்தது, அதைச் சொல்லுங்கள்.

அப்புறம் தமிழ் வகுப்பில், பம்பின் கைப்பிடியைக் கழற்றச் சொல்லி ஒரு விண்ணப்பக் கடிதம். உண்மையில் கைப்பிடியைக் கழற்றினார்கள், ஆனால் அதற்கு முன்பே நோய் தணியத் தொடங்கியிருந்தது. அதையும் மறைக்க வேண்டாம்.