பழைய லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள் வாங்கலாமா? கேள்வி பதில்

பழைய லீவர் ஆக்‌ஷன் வாங்குவது பற்றிக் கேட்டிருந்தவர்களுக்கு ஒரே இடத்தில் பதில் சொல்கிறேன். ட்ரிகரைச் சுற்றியுள்ள நெம்புகோலை (லீவர்) கீழே இழுத்து மேலே தள்ளித் தோட்டா ஏற்றும் ரைஃபிள்தான் இது. உரிமம், பதிவு எல்லாம் அவரவர் நாட்டுச் சட்டப்படி முடிந்ததாக வைத்துக்கொள்கிறேன்.

கேள்வி: விஞ்செஸ்டர் 94 ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. பளபளவென்று இருக்கிறது. நம்பி வாங்கலாமா?

பளபளப்பைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் லீவரைத் திறந்து, சேம்பர் (சுடும்போது தோட்டா உட்காரும் அறை) காலியா என்று கண்ணாலும் விரலாலும் உறுதி செய்யுங்கள். பேரலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாயை, அதாவது ட்யூப் மேகசினையும் பாருங்கள். சேம்பர் காலியாக இருந்தாலும் குழாய்க்குள் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம். லீவரை இயக்கினால் அது மேலே வந்துவிடும்.

அப்புறம் திருகுகள். தலையிலுள்ள பள்ளம் சிதைந்திருந்தால், பொருந்தாத ஸ்க்ரூடிரைவரோடு யாரோ உள்ளே கை வைத்திருக்கிறார்கள். பொறித்த எழுத்துகளின் விளிம்பு மழுங்கி, மேலே புளூயிங் (இரும்பின் நீலக்கருப்பு மேற்பூச்சு) மட்டும் புதிதாக மின்னினால், துருவைத் தேய்த்துவிட்டு மறுபடி பூசியிருக்கிறார்கள் என்று அர்த்தம். தேய்ந்திருந்தாலும் தொடப்படாத பழைய புளூயிங்கைத்தான் நான் நம்புவேன். கட்டை ரிசீவரோடு (இயங்கும் பாகங்கள் இருக்கும் நடு உலோகப் பகுதி) சேரும் இடத்தில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள்.

கேள்வி: 1964க்கு முந்தைய 94தான் வாங்க வேண்டும் என்கிறார்களே?

1964இல் செலவைக் குறைக்கத் தயாரிப்பு முறையை மாற்றினார்கள். கடைந்து செய்த சில பாகங்களுக்குப் பதில் தகட்டில் அழுத்திச் செய்தவை வந்தன. ரிசீவரின் உலோகமும் மாறியதால், அந்தக் காலத்துத் துப்பாக்கிகளில் வழக்கமான புளூயிங் சரியாகப் பிடிக்காது. சேகரிப்பவருக்கு இது பெரிய விஷயம். சுடுவதற்கு வாங்குபவர், நன்றாகப் பராமரித்த பிந்தைய துப்பாக்கியைத் தயங்காமல் எடுக்கலாம். ஆண்டை மட்டும் வைத்து முடிவு செய்வது எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: பேரல் உள்ளே சுத்தமாக இருக்கிறது, ஆனால் குறி சிதறுகிறது என்கிறார் விற்பவர். விட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். பேரல் முனையைப் பாருங்கள். 94ஐப் பிரிக்காமல் பின்பக்கமாகச் சுத்தம் செய்யும் கம்பியை விட முடியாது. அதனால் பலர் முனை வழியாகவே விட்டு இழுப்பார்கள். ஆண்டுக்கணக்கில் கம்பி உரசினால், குண்டு கடைசியாகத் தொட்டு வெளியேறும் அந்த விளிம்பு ஒரு பக்கம் தேயும். காலி என்று இன்னொரு முறை உறுதி செய்தபின், காது குடையும் பஞ்சுக்குச்சியை விளிம்பில் உள்ளிருந்து வெளியே மெல்ல இழுத்துப் பாருங்கள். பஞ்சிழை சிக்கும் இடத்தில் பிசிறு இருக்கிறது. துப்பாக்கி மெக்கானிக் முனையைத் திரும்பக் கடைந்து தருவார். பெரிய வேலை இல்லை. விலையைக் குறைத்துக் கேளுங்கள். சேம்பருக்குள் துரு அரித்த குழிகள் இருந்தால் மட்டும் வேண்டாம்.

கேள்வி: மார்லின் 336 எப்படி?

எனக்கு மிகவும் பிடித்தது. 1948இல் வந்த மாடல். ரிசீவரின் மேற்பக்கம் மூடியிருக்கும், காலி உறை பக்கவாட்டில் வெளியேறும். அதனால் ஸ்கோப் பொருத்துவது எளிது. பழைய 94 மேலே துப்புவதால் அங்கே அது தொல்லை. இன்னொரு வசதி: லீவர் திருகு ஒன்றைக் கழற்றினால் லீவரும், சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட்டும் வெளியே வந்துவிடும், பின்பக்கமாகவே சுத்தம் செய்யலாம்.

பார்க்க வேண்டியது கேரியர், அதாவது குழாயிலிருந்து வரும் தோட்டாவைத் தூக்கிக் கொடுக்கும் பாகம். லீவரின் முனை அதன் அடியில் உரசி உரசிப் பள்ளம் விழுந்தால், தோட்டா தூக்கும் நேரம் தவறும். அடுத்த தோட்டா கேரியருக்கு அடியில் நழுவி, லீவர் பாதியில் இறுகி நின்றுவிடும். சரிசெய்யலாம், ஆனால் தெரிந்த கை வேண்டும்.

பேரலில் ‘ஜேஎம்’ முத்திரையை (பழைய மார்லின் தொழிற்சாலையின் அடையாளம்) பலர் தேடுகிறார்கள். மார்லின் ரெமிங்டன் வசம் போய், உற்பத்தி இடம் மாறிய பிறகு தொடக்கத்தில் வந்தவற்றின் தரம் பற்றி நிறையப் புகார்கள் எழுந்தன, அதுதான் காரணம். 2020இல் ரூகர் நிறுவனம் மார்லினை வாங்கியது. முத்திரை இருந்தாலும் சோதனையைக் குறைக்காதீர்கள்.

கேள்வி: கூர்முனைத் தோட்டா போடலாமா?

ட்யூப் மேகசினில் கூடாது. ஒன்றின் முனை முன்னால் இருப்பதன் பிரைமரை (தட்டினால் தீப்பற்றும் அடிப்பகுதி) தொட்டபடி நிற்கும்; சுடும் அதிர்ச்சியில் குழாய்க்குள்ளேயே வெடிக்கலாம். தட்டைமுனை போடுங்கள், அல்லது இதற்கென்றே வரும் மென்மையான பாலிமர் முனை. சாவேஜ் 99 என்ற லீவர் ரைஃபிளில் பெரும்பாலும் சுழல் மேகசின் என்பதால் இந்தச் சிக்கல் கிடையாது.

கேள்வி: தாத்தா காலத்து விஞ்செஸ்டர் 1873இல் இன்றைய தோட்டா சுடலாமா?

மெக்கானிக் பார்க்காமல் ஒன்றுகூடச் சுடாதீர்கள். அது கரும்பொடிக் காலத்து வடிவமைப்பு, பூட்டும் அமைப்பு வலுக் குறைவு. தோட்டா பொருந்துகிறது என்பதற்காக அழுத்தத்தைத் தாங்கும் என்று எண்ண வேண்டாம்.

கேள்வி: கடையில் சுட்டுப் பார்க்க விடமாட்டார்கள். வேறு எப்படிச் சோதிப்பது?

டம்மி தோட்டா (வெடிக்காத போலித் தோட்டா) ஐந்தாறு கொண்டுபோய், அனுமதி கேட்டு, லீவரை மெதுவாக ஒருமுறை, வேகமாக ஒருமுறை இயக்குங்கள். எல்லாம் ஏறி, எல்லாம் வெளியே விழ வேண்டும். பிறகு காலித் துப்பாக்கியில் ஹேமரை (ட்ரிகரை அழுத்தினால் விழுந்து அடிக்கும் சுத்தி) முழுதாக ஏற்றிக் கட்டைவிரலால் முன்னோக்கித் தள்ளுங்கள், விழக்கூடாது. வெளி ஹேமர் உள்ள மாடலில், பாதி ஏற்றிய நிலையில் ட்ரிகரை அழுத்தினாலும் விழக்கூடாது. விழுந்தால் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள். வாங்குவதென்று முடிவானால், முதல் தோட்டாவுக்கு முன் மெக்கானிக்கிடம் கேஜ் வைத்து ஹெட்ஸ்பேஸ் (சேம்பரில் உட்கார்ந்த தோட்டாவுக்கும் போல்ட்டுக்கும் இடையிலான இடம்) அளக்கச் சொல்லுங்கள். அந்தச் செலவையும் சேர்த்துத்தான் விலை பேச வேண்டும்.