ஒன்பது வருடமாக ஒரே ஐ.டி. கம்பெனி: இருக்கலாமா, கிளம்பலாமா?

கேள்வி: எனக்கு வயது 32. சென்னை பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு பெரிய ஐ.டி. கம்பெனியில் 9 வருடம் 3 மாதமாக இருக்கிறேன். அதில் ஆறு வருடம் ஒரே அமெரிக்க இன்சூரன்ஸ் கிளையன்ட்டின் சப்போர்ட் ப்ராஜெக்ட். வேலை பிடித்திருக்கிறது. குழந்தை பிறந்தபோது நல்லபடியாக நடத்தினார்கள். அப்பா ஒரே வங்கியில் 34 வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எனக்கும் அந்த ஆசை உண்டு. ஆனால் உடன் படித்தவர்கள் மூன்று கம்பெனி மாறி என்னைவிட இரண்டு மடங்கு வாங்குகிறார்கள். இப்போது ஒரு கன்சல்டன்ஸி 60 சதவீதச் சம்பள உயர்வில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி ஒன்றரை லட்சம் கேட்கிறது. பத்து வருடம் முடியாமல் போனால் கிராஜுவிட்டி, பென்ஷன் எல்லாம் போய்விடும் என்று ஒரு சீனியர் பயமுறுத்துகிறார். மாத பேஸிக் சம்பளம் 42,000. சேர்ந்தபோது 15,000-க்குள் இருந்தது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் அந்த ஒன்றரை லட்சத்தைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

ஒழுங்கான கன்சல்டன்ஸிக்கு ஆளை எடுக்கும் கம்பெனிதான் கமிஷன் கொடுக்கும். வேலை தேடுபவரிடம் கை நீட்டுகிறவர் வேறு ஏதோ விற்கிறார். பெரும்பாலும் போலி அனுபவச் சான்றிதழ். "எனக்குத்தான் நிஜமாகவே ஒன்பது வருட அனுபவம் இருக்கிறதே" என்பீர்கள். உங்களைப் போன்றவருக்கு வேறு சரக்கு வைத்திருப்பார்கள்: நீங்கள் தொட்டே பார்க்காத கிளவுட் ப்ராஜெக்டை ரெஸ்யூமேயில் ஏற்றுவார்கள், ஆன்லைன் இன்டர்வியூவில் உங்களுக்குப் பதில் வேறு ஒருவரை விட்டுப் பேச வைப்பார்கள். நான் ஹெச்.ஆர். வேலையில் இருந்த 26 வருடத்தில் இப்படி வந்து மாட்டியவர்களுக்குக் கணக்கே இல்லை. சேர்ந்து ஆறாவது மாதம் வெளியே நிற்பார்கள், கொடுத்த பணமும் திரும்பி வராது. ஏஜென்ட் மட்டும் போன் நம்பரை மாற்றிக்கொண்டு அடுத்த பேட்ச்சைப் பிடிக்கப் போயிருப்பார்.

சரி, சீனியர் சொன்ன பத்து வருடம். அவர் இரண்டு வேறு விஷயங்களைப் போட்டுக் குழப்பியிருக்கிறார். கிராஜுவிட்டிக்கு, அதாவது வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடைக்கு, ஒரே கம்பெனியில் 5 வருடம் போதும். நீங்கள் அதை எப்போதோ தாண்டிவிட்டீர்கள். பத்து வருடம் என்பது பி.எஃப். பென்ஷனுக்கு. அதுவும் ஒரே கம்பெனியில் இருக்க வேண்டியதில்லை. பழைய கணக்கை எடுத்துச் செலவழிக்காமல் அதே யு.ஏ.என். எண்ணில் (கம்பெனி மாறினாலும் மாறாத பி.எஃப். எண்) மாற்றிக்கொண்டே போனால் எல்லா சர்வீஸும் கூடிக்கொண்டு வரும். பத்து வருட சர்வீஸுக்கு என்ன கிடைக்கும்? இந்தப் பென்ஷன் கணக்குக்குச் சம்பள உச்சவரம்பு 15,000. அதைப் பத்தால் பெருக்கி எழுபதால் வகுத்தால் மாதம் சுமார் 2,143 ரூபாய், அதுவும் 58 வயதில். இதற்காக ஒருவர் கம்பெனியில் உட்கார்ந்திருக்க வேண்டுமா?

கிராஜுவிட்டியில் மட்டும் ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. கடைசி பேஸிக்கில் 26-இல் 15 பங்கு, வருடத்துக்கு. உங்களுக்கு வருடத்துக்கு 24,230 சொச்சம். ஆறு மாதத்துக்கு மேல் ஒரு நாள் கூடினாலும் அது முழு வருடம். இன்று நின்றால் 9 வருடத்துக்குச் சுமார் 2.18 லட்சம், 9 வருடம் 6 மாதத்தைத் தாண்டி நின்றால் 10 வருடத்துக்குச் சுமார் 2.42 லட்சம். உங்கள் நோட்டீஸ் காலம் 90 நாள் என்றால், என்றைக்கு ராஜினாமா கொடுத்தாலும் கடைசி வேலை நாளை ஒரு வாரம் தள்ளி வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத் தொகுப்பின்படி, படிகள் மொத்தச் சம்பளத்தில் பாதிக்கு மேல் போனால் அந்த மிகுதியையும் சேர்த்துத்தான் கணக்கிட வேண்டும். அதனால் தொகை கூடவும் செய்யலாம்.

இந்தச் சர்வீஸ் கணக்கை அடியோடு கெடுக்கிற ஒரு சந்தர்ப்பம் உண்டு. நீண்ட நாள் இருப்பவர்களுக்குத்தான் அது வரும் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஒரு நாள் உங்கள் டீமை மொத்தமாக ஒரு துணை நிறுவனத்துக்கு மாற்றுவார்கள். அல்லது கிளையன்ட்டே சென்னையில் சொந்த அலுவலகம் திறந்து உங்கள் எல்லாரையும் எடுத்துக்கொள்ளும். "அதே சீட், அதே வேலை, அதே சம்பளம், இங்கே ராஜினாமா போட்டு அங்கே சேர்ந்துவிடுங்கள், வெறும் ஃபார்மாலிட்டி" என்பார்கள். ஃபார்மாலிட்டி இல்லை. ராஜினாமா போட்ட அன்றே பழைய கணக்கு மூடுகிறது, புதிய கம்பெனியில் நீங்கள் ஒரு நாள் சர்வீஸ்காரர். புதிய நியமனக் கடிதத்தில் "முந்தைய பணிக்காலம் தொடர் பணியாகக் கருதப்படும்" என்ற வரி, உங்கள் பழைய சேர்ந்த தேதியோடு, இருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய இடத்திலேயே கிராஜுவிட்டியைக் கையில் வாங்கிவிட வேண்டும். இரண்டும் இல்லாமல் "கம்பெனி பாலிஸி போர்ட்டலில் இருக்கிறது" என்றால் கையெழுத்துப் போடாதீர்கள். போர்ட்டலில் இருப்பதை ஒரே இரவில் மாற்றிவிடலாம். உங்கள் கடிதத்தை அப்படி மாற்ற முடியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இருக்கலாமா? தாராளமாக இருக்கலாம், ஆனால் இப்போது இருக்கிற மாதிரி இல்லை. அப்பாவிடமே கேட்டுப் பாருங்கள், 34 வருடமும் ஒரே கவுன்ட்டரிலா உட்கார்ந்திருந்தார் என்று. சில வருடத்துக்கு ஒருமுறை டிரான்ஸ்ஃபர் வந்திருக்கும்: ஒரு கிளையில் நகைக்கடன், இன்னொன்றில் விவசாயக் கடன், அப்புறம் ஆடிட், வட்டார அலுவலகம். வேண்டாம் என்றாலும் வங்கி அவரைத் தூக்கிப் போட்டது. ஐ.டி.யில் அந்த டிரான்ஸ்ஃபர் ஆர்டரை நீங்களேதான் போட்டுக்கொள்ள வேண்டும். நன்றாக வேலை செய்து, ஒழுங்காக பில்லிங் ஆகிற, அதாவது கிளையன்ட்டிடம் காசு வாங்கித் தருகிற ஆளை எந்த மேனேஜரும் ப்ராஜெக்டிலிருந்து ரிலீஸ் செய்ய மாட்டார். ஆறு வருடமாக உங்களை அதே இடத்தில் வைத்திருப்பது உங்கள் மேல் உள்ள பிரியத்தால் மட்டுமல்ல.

ஒரே கம்பெனியில் இருந்தே உச்சிக்குப் போனவர்களும் உண்டு. இன்றைய டி.சி.எஸ். தலைமைச் செயல் அதிகாரி கிருதிவாசன் 1989-இல் சேர்ந்து, 34 வருடம் கழித்து 2023-இல் அந்த நாற்காலிக்கு வந்தவர். மோகனூரில் பிறந்த சந்திரசேகரன் 1987-இல் அங்கே சேர்ந்து, 2009-இல் தலைமைக்கு வந்து, 2017-இல் டாடா சன்ஸ் தலைவரானார். மேடைக்கு மேடை இதைச் சொல்வார்கள். அதே டி.சி.எஸ். 2025 ஜூனில் கொண்டுவந்த விதியைச் சொல்ல மாட்டார்கள்: வருடத்துக்குக் குறைந்தது 225 நாள் பில்லிங், பெஞ்ச், அதாவது ப்ராஜெக்ட் இல்லாமல் இருப்பது, 35 நாளுக்கு மேல் கூடாது. அடுத்த மாதமே 2 சதவீதம் பேரை, சுமார் 12,000 பேரை, குறைப்பதாக அறிவித்தார்கள். பெரும்பாலும் நடுத்தர, மூத்த நிலைகளில். கிளையன்ட் உங்கள் ப்ராஜெக்டை மூடிய பிறகு வேறு இடம் தேடினால் நாட்களை எண்ணிக்கொண்டுதான் தேட வேண்டியிருக்கும்.

எனவே பில்லிங் இருக்கும்போதே நகருங்கள். கம்பெனிக்குள் வரும் வேலை அறிவிப்புகளை மாதம் ஒருமுறை பாருங்கள். உங்கள் கையில் இருக்கும் மூலதனம் இன்சூரன்ஸ் அறிவுதான். டிக்கெட் மூடுகிற வேகத்தை விடுங்கள்; க்ளெய்ம் எப்படி நகர்கிறது, பாலிஸி எங்கே சிக்குகிறது என்று ஆறு வருடமாகப் பார்த்திருக்கிறீர்களே, அதற்குத்தான் விலை. லோமா 280 என்ற இன்சூரன்ஸ் அடிப்படைத் தேர்வை எழுதிவிடுங்கள். கட்டணத்தைக் கம்பெனி தருமா என்று கேளுங்கள். பிசினஸ் அனலிஸ்ட் பக்கம் போகலாம், பழைய சிஸ்டத்தைப் புதியதற்கு மாற்றும் ப்ராஜெக்டில் ஏறலாம். சம்பளம்? ஒரே இடத்தில் இருப்பவர் பின்தங்குவது உண்மைதான். வெளி ஆஃபரைக் காட்டினால்தான் உள்ளே மதிப்பு என்ற நிலை இந்தத் துறையின் வெட்கக்கேடு. அப்ரைசல் படிவத்தில் பதினான்கு பக்கம் எழுத வைத்துவிட்டு, கடைசியில் பெல் கர்வ் (இத்தனை பேருக்குத்தான் நல்ல மதிப்பெண் என்ற ஒதுக்கீடு) என்று கையை விரிக்கிறவர்களிடம் என்னத்தைச் சொல்வது! ரோல் மாறும் நாளில் பேரம் பேசுங்கள், அப்ரைசல் நாளில் பேசிப் பயனில்லை.

இன்னொன்று. என்றாவது ஹெச்.ஆர். உங்களைச் சின்ன அறைக்குக் கூப்பிட்டு, "ரெக்கார்டு கெடாமல் இருக்க நீங்களே ராஜினாமா போடுங்கள்" என்றால், அன்று அந்த மெயிலை அடிக்காதீர்கள். ஆட்குறைப்பு என்றால், சட்டத்தின் 'தொழிலாளர்' வரையறைக்குள் வருகிறவருக்கு ஒரு மாத நோட்டீஸும், வருடத்துக்கு 15 நாள் சம்பளமும் கொடுக்க வேண்டும். நீங்களே ராஜினாமா கொடுத்துவிட்டால் அதைக் கேட்க முடியாது. "யோசித்துச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்து தொழிலாளர் வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள்.

இந்த வாரத்துக்கு இரண்டு வேலை. பி.எஃப். தளத்தில் உங்கள் பெயரும் ஆதாரில் உள்ள பெயரும் ஒன்றா என்று பாருங்கள். நம் ஊர் இனிஷியல் இந்த இலாகாவுக்கு இன்னும் புரியாத மர்மம். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுதாக என்று இருக்கும். கம்பெனியிலேயே விண்ணப்பித்துத் திருத்துங்கள். "ஓ.டி.பி. மட்டும் சொல்லுங்கள், நான் முடித்துத் தருகிறேன்" என்று வருகிற ஏஜென்ட் வேண்டாம். அடுத்து, மேனேஜரிடம் எழுத்தில் ரிலீஸ் கேளுங்கள். "அடுத்த குவார்ட்டர் பார்க்கலாம்" என்றால், எந்தத் தேதிக்குள் என்று மெயிலில் பதில் வாங்குங்கள். அந்தத் தேதியும் கடந்து போனால் எனக்கு மறுபடி எழுதுங்கள்.