‘மனசைத் திடப்படுத்திக்கொள்’ என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ‘மேக் அப் யுவர் மைண்ட்’ சரியா?

சரியில்லை. ‘மேக் அப் யுவர் மைண்ட்’ என்றால் ‘ஒரு முடிவுக்கு வா’ என்று அர்த்தம். இதுவா அதுவா என்று இழுத்துக்கொண்டிருப்பவரிடம் சொல்வது. நாளைக்கு ஆபரேஷன் என்று இருப்பவரிடம் போய்ச் சொன்னால், ‘செய்துகொள்வதா வேண்டாமா என்று இன்னுமா யோசிக்கிறாய்?’ என்று கேட்டதுபோல் ஆகிவிடும்.

தமிழில் எல்லா இடத்துக்கும் ‘மனசைத் திடப்படுத்திக்கொள்’ ஒன்றே போதும். ஆங்கிலத்தில் முதலில் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: கஷ்டம் நம்மைத் தேடி வருகிறதா, நாம் அதைத் தேடிப் போகிறோமா? வருகிறது என்றால் ‘பிரேஸ்’. போகிறோம் என்றால் ‘ஸ்டீல்’. தவறுகளில் பாதி இதைப் பார்க்காததால் வருபவைதான்.

‘பிரேஸ்’ பழைய பிரெஞ்சில் இரண்டு கைகளைக் குறித்த சொல். அதிலிருந்து இறுக்கிப் பிடிப்பது, முட்டுக்கொடுப்பது என்று பொருள் விரிந்தது. பல்லுக்குப் போடும் கிளிப்புக்கும் அந்தப் பெயர்தான். டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டு போகும்போது, டிரைவர் பிரேக் அடிக்கப்போகிறார் என்று தெரிந்தவுடன் மேல்கம்பியை இறுக்கிப் பிடித்து, ஒரு காலை முன்னால் ஊன்றி, உடம்பை விறைத்துக்கொள்கிறோமே, அதுதான் பிரேஸ். குலுக்கல் வரத்தான் போகிறது, நாம் தடுக்க முடியாது. வரும்போது விழாமல் நிற்க வேண்டும், அவ்வளவுதான். 2009 ஜனவரி 15 அன்று இரண்டு இன்ஜினும் சக்தி இழந்த விமானத்தை நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்குவதற்கு முன் கேப்டன் சல்லன்பெர்கர் பயணிகளிடம் சொன்னது ‘பிரேஸ் ஃபார் இம்பாக்ட்’. குனிந்து, தலையைத் தாழ்த்தி, மோதலுக்குத் தயாராகுங்கள் என்று பொருள். விமானத்தில் இருந்த 155 பேரும் பிழைத்தார்கள்.

மனசுக்கும் அதே வாக்கிய அமைப்புதான். ‘பிரேஸ்’, பிறகு ‘ஃபார்’, பிறகு வரப்போகிற விஷயம்: ‘பிரேஸ் யுவர்செல்ஃப் ஃபார் சம் பேட் நியூஸ்’. பத்திரிகைத் தலைப்புகளில் ‘செல்ஃப்’ கழன்றுவிடும். ‘சென்னை பிரேசஸ் ஃபார் ஹெவி ரெயின்’ என்று மழைக்காலத்தில் பார்த்திருப்பீர்கள்.

‘ஸ்டீல்’ அப்படி இல்லை. ‘ஐ ஸ்டீல்டு ஃபார் தி இன்டர்வியூ’ என்று விட்டால் வாக்கியம் தொங்கும், ‘மைசெல்ஃப்’ கட்டாயம். அடுத்து ‘டு’ போட்டு, செய்யப்போகும் காரியத்தைச் சொல்லலாம். ‘ஷி ஸ்டீல்டு ஹர்செல்ஃப் டு ஓப்பன் தி லெட்டர்’ என்றால், கடிதம் கையில் இருக்கிறது, பிரிக்கக் கை வரவில்லை, மனசை இரும்பாக்கிக்கொண்டு பிரித்தாள். தமிழில் நாம் கல்லாக்கிக்கொள்கிறோம், அவர்கள் எஃகாக்கிக்கொள்கிறார்கள். அதற்காக ‘ஹார்டன் யுவர் ஹார்ட்’ என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். அது இரக்கம் இல்லாமல் இருக்கச் சொல்வது. எழுதும்போது இன்னொரு ஆபத்து: எஃகுக்கு இரண்டு ‘ஈ’ வரும். ‘ஈ’க்குப் பிறகு ‘ஏ’ போட்டால் திருடுவது. பேச்சில் இரண்டுக்கும் ஒரே ஒலி என்பதால் ஆங்கிலேயர்களே தடுக்கி விழும் இடம் இது.

‘கெர்ட் யுவர் லாயின்ஸ்’ நம் ‘வரிந்து கட்டுவது’தான். நீள அங்கியைத் தூக்கி இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்கோ சண்டைக்கோ இறங்குவது. 1611-இல் வந்த ஆங்கில பைபிளில் யோபு 38:3-இல் இருக்கிறது. தமிழ் பைபிள் அங்கே ‘இடைகட்டிக்கொள்’ என்கிறது. இன்றைக்கு இதைப் பாதி கிண்டலாகத்தான் சொல்வார்கள். ஆடிட்டர் வருகிறார் என்றால் பொருந்தும். சாவு வீட்டில் வேண்டாம்.

‘பல்லைக் கடித்துக்கொண்டு’ என்பதற்கு ‘கிரிட் யுவர் டீத்’ அச்சு அசல். பெரும்பாலும் கஷ்டம் நடந்துகொண்டிருக்கும்போது வருவது. ‘பைட் தி புல்லட்’ வேறு: தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த கசப்பான காரியத்தை ஒருவழியாகச் செய்துவிடுவது. சொத்தைப் பல்லைப் பிடுங்கிக்கொள்ளப் போவது இதில் சேரும். புயலுக்குக் காத்திருப்பது சேராது.

மேடை, பரீட்சை, மேட்ச் என்றால் ‘சைக் அப்’. ‘ஐ சைக்டு மைசெல்ஃப் அப் ஃபார் தி மேட்ச்’ என்பது தன்னையே உசுப்பேற்றிக்கொள்வது. ‘அப்’ இருக்கும் இடத்தில் ‘அவுட்’ வந்தால் தலைகீழ்: எதிராளியைக் கலங்கடிப்பது, அல்லது நாமே பயந்து சொதப்புவது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து, ‘எதுக்கும் மனசைத் தயார் பண்ணி வச்சுக்கோங்க’ என்கிறாரே, அதற்கு மேலே சொன்ன எதுவும் சரிப்படாது. ‘பிரேஸ் யுவர்செல்ஃப்’ இணையக் கேலிப் படங்களில் அடிபட்டு அடிபட்டு, நேரில் சொன்னால் நாடகமாகக் கேட்கிறது. அங்கே ‘ஐ திங்க் யூ ஷுட் பிரிப்பேர் யுவர்செல்ஃப் ஃபார் தி வொர்ஸ்ட்’ போதும். ‘மைண்ட்’ என்ற சொல்லே வேண்டாம். கேட்டவருக்குத் தைரியம் சொல்ல ‘பி போல்டு’ என்பது நம் ஊர் வழக்கம். வெளிநாட்டில் அது ‘துணிந்து இறங்கு’ என்று ஏதோ தொழில் யோசனைபோல் படும். ‘பி ஸ்ட்ராங்’ என்றால் புரிந்துகொள்வார்கள்.