அமெரிக்காவின் பேஸ்கட்பால் லீக்கான என்.பி.ஏ.வில் சில வீரர்கள் ஏன் அணி மாறிக்கொண்டே இருக்கிறார்கள்?

குன்னூர் பக்கம் மாலையில் பேஸ்கட்பால் ஆடும் பையன்கள் அடிக்கடி கேட்பது இது. எந்த அணியிலும் நிலைக்காமல், ஒன்றிரண்டு வருடத்தில் ஊர் மாறி ஆடும் தொழில்முறை வீரரை ‘ஜர்னிமேன்’ என்பார்கள். இஷ் ஸ்மித் 13 அணிகளுக்கு ஆடியவர், என்.பி.ஏ.வில் அது சாதனை.

காரணம் பெரும்பாலும் பணக்கணக்குதான். ஓர் அணியில் வழக்கமான ஒப்பந்த இடங்கள் 15. மொத்தச் சம்பளத்துக்கும் உச்சவரம்பு உண்டு, சில விதிவிலக்குகளில் மட்டும் அதைத் தாண்டலாம். நட்சத்திரங்களுக்குப் பெரும்பணம் போனபின், மீதி இடங்களைக் குறைந்த சம்பளத்தில், குறுகிய ஒப்பந்தத்தில் நிரப்புகிறார்கள். சீசன் நடுவே ஆள் குறைந்தால் 10 நாள் ஒப்பந்தம்கூட உண்டு! அப்புறம், வரம்பைத் தாண்டிய அணிகள் வீரர்களை மாற்றிக்கொள்ளும்போது இரு பக்கச் சம்பளமும் ஓரளவு ஒத்துப்போக வேண்டும். அந்தக் கணக்கைச் சரிக்கட்டவே சிலரை அனுப்பிவிடுவார்கள். எனக்கு இதுதான் கொடுமையாகப் படுகிறது.

ஊட்டி சீசனுக்கு வரும் பரோட்டா மாஸ்டரை நினைத்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் இங்கே ஒரு கடை. கூட்டம் குறைந்ததும் கீழே மேட்டுப்பாளையத்தில் வேறொன்று. எந்தக் கடையில் விட்டாலும் அன்றைக்கே கல்லில் நிற்பார். அதற்குத்தான் அவரைத் தேடுகிறார்கள்.

அடிக்கடி மாறுபவருக்கு ஆட்டம் வராது என்று பலர் நினைக்கிறார்கள். ஆட்டம் வராதவரை அடுத்த அணி கூப்பிடவே கூப்பிடாது, ஸ்மித் 2023இல் டென்வர் அணியோடு கோப்பையே வென்றார்.